ரப்பர்ப் பாலில் தோய்த்த கம்பி

மூன்று மெஷின்களை இறக்கி வைத்துவிட்டு ஜப்பான்காரர்களின் லோரி போன பிறகு, என் கணவர் கொட்டகைக்குள் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றரை வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். ஒரு சாணை மெஷின், இரும்பில் துளை போடும் மெஷின் ஒன்று, நடுவில் எல்லாவற்றிலும் பெரியதாக, இரும்பைக் கடையும் ஒரு லேத். சிரம்பானில் மூடிக் கிடந்த ஏதோ ஒரு பட்டறையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தவை. லேத்தின் காலில் பழைய சிமெண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம வீட்டுக் கரண்டு இதையெல்லாம் தாங்குமா?" என்றார்.

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் அங்கே என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

எங்கள் எஸ்டேட் மம்பாவ் தாண்டி உள்ளே இருந்தது. என் கணவர் அங்கே லோரிகளுக்குப் பொறுப்பான கிராணி, கணக்கு எழுதுகிறவர். லோரி நிற்கும் கொட்டகை எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு எட்டு தள்ளி, அத்தாப்பு ஓலைக் கூரையோடு இருந்தது. சண்டை வந்தபோது வெள்ளைக்காரத் துரை ஒரு லோரியை எடுத்துக்கொண்டு தெற்கே ஓடினார். மிச்சமிருந்த ஒன்றை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு கொட்டகையில் எண்ணெய்க் கறையும் கோழிகளும்தான் இருந்தன. ரப்பரை வாங்க ஆள் இல்லை. மரம் சீவுவது பாதி நின்றுவிட்டது. கிராணிக்கு எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

எழுதுவதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் அனுப்பும் பட்டியல். அதை எங்கள் பெரிய கிராணி எழுதினார். முதலில் லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஆட்கள் போனார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, கடிதமும் இல்லை. மெஷின்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பு பெரிய கிராணி எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, நான் கொடுத்த மரவள்ளிக்கிழங்கைத் தொடாமல் தட்டையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, லயத்துல இனிமே ஆள் இல்ல. இனி ஆபீஸ் ஆளுங்க பேர எழுதுன்னுட்டான் ஜப்பான்காரன். நான் என்ன செய்யட்டும்? நீ மோட்டார் வேலை தெரிஞ்சவன், உன் வீட்ல கரண்டு இருக்கு, கொட்டகை இருக்கு, பட்டறை போட்டுத் தருவேன்னு சொல்லி வச்சிருக்கேன். பட்டறை ஓடுற வரைக்கும் உன் பேர எழுத மாட்டேன்."

"ஓடலைன்னா ஐயா?"

"அத ஏன் இப்பவே பேசுற?" என்றார். எழுந்து போகும்போது என் மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் "தாங்குமா" என்று என் கணவர் கேட்டபோது, கம்பியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்ததே துரை பங்களாவின் தயவில்தான். சிரம்பானிலிருந்து ரோட்டோரமாகப் பங்களாவுக்கு வந்த கம்பியில், போகிற வழியில் எங்கள் வீட்டுக்கும் ஒரு கிளை கொடுத்திருந்தார்கள். முன்னறையில் ஒரு விளக்கு, அடுக்களையில் ஒரு விளக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு பிளக். கதவுக்குப் பின்னால் ஒரு மரப்பலகையில் மீட்டரும், கீழே இழுத்து அணைக்கும் ஒரு பெரிய சுவிட்சும், வெள்ளைப் பீங்கானில் இரண்டு பியூஸும் இருந்தன. ஒன்று விளக்குக்கு, ஒன்று பிளக்குக்கு. பிளக் பியூஸின் மேல் பத்து என்று எழுதியிருந்தது.

நான் சிரம்பானில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டுப் பராமரிப்பு என்று ஒரு பாடம் உண்டு. கறை எடுப்பது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, பியூஸ் போனால் எப்படி மாற்றுவது எல்லாம் அதில் வரும். ஜப்பான்காரர்கள் வந்தபோது, வீட்டில் ஆங்கிலப் புத்தகம் இருந்தால் ஆபத்து என்று பயந்து எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். அந்த ஒரு நோட்டை மட்டும் எரிக்க மனம் வரவில்லை. குழந்தைக் காய்ச்சலுக்கு வேண்டியிருக்கும் என்று அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். அரிசி இல்லாத பானை என்பதால் யாரும் திறக்க மாட்டார்கள்.

அன்று அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஒவ்வொரு மெஷினின் வயிற்றிலும் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். சாணைக்கு இரண்டு ஆம்பியர், துளை மெஷினுக்கு மூன்று, லேத்துக்கு எட்டு. கூட்டினால் பதின்மூன்று. பியூஸ் பத்து.

"மூணும் சேர்ந்து ஓடக் கூடாது," என்றேன். "லேத் ஓடும்போது துளை மெஷின் ஓடக் கூடாது. லேத்தும் சாணையும் ஓடலாம். சாணையும் துளையும் ஓடலாம்."

"அப்படின்னா தாங்கும்ங்கிற."

"கணக்குப்படி தாங்கும்."

"டீச்சரம்மாவே சொல்லியாச்சு," என்று சிரித்தார். பல நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்தேன். அதனால்தான் அதற்கு மேல் பேசவில்லை என்று இப்போது தோன்றுகிறது. மெஷின் கிளம்புகிற நொடியில் தகட்டில் எழுதியிருப்பதைவிட அதிகம் இழுக்கும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். எவ்வளவு அதிகம் என்று நோட்டில் இல்லை. இரண்டு முறை திரும்பிப் போய்த் தகடுகளைப் பார்த்தேன். எண்கள் அதேதான்.

அதைவிடப் பெரிய தொல்லை கம்பி. வீட்டுப் பிளக்கிலிருந்து கொட்டகைக்குக் கரண்டைக் கொண்டு போக வேண்டும். உறை போட்ட கம்பி எந்தக் கடையிலும் கிடையாது. பங்களாவுக்கும் ஆபீசுக்கும் இடையில் மணி அடிக்கக் கட்டியிருந்த செப்புக் கம்பி மரத்துக்கு மரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை என் கணவர் அவிழ்த்துக்கொண்டு வந்தார். மெல்லிசுக் கம்பி. இரண்டு மூன்றை ஒன்றாக முறுக்கித் தடிமனாக்கி, கரண்டு போக ஒன்று, திரும்ப ஒன்று என்று இரண்டு கம்பி செய்தார். நீளம் போதாமல் ஏழெட்டு இடத்தில் முடிச்சுப் போட்டார். ஆனால் மேலே உறை இல்லை. வெறும் செம்பு.

"இத அப்படியே கட்ட முடியாது. பாப்பா இருக்கு," என்றார்.

யோசனை என்னுடையது. நோட்டில் என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பக்கத்தில் டீச்சரின் சிவப்பு மைச் சரி. எங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கர் ரப்பர் நின்றது. வாங்க ஆளில்லாமல், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலேயே பால் உறைந்து கிடந்தது. துணியைப் பாலில் தோய்த்துக் கம்பியில் சுற்றினால் உறை ஆகிவிடாதா என்றேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, "இது எனக்குத் தோணலையே," என்றார்.

பால் கொண்டு வந்து கொடுத்தது மண்டோரக்கா. வெளிக்காட்டு வேலையை மேய்த்த மண்டோரின் மனைவி. லயத்தின் முதல் வீட்டில் இருந்தாள். மண்டோர் முதல் கூட்டத்திலேயே சயாமுக்குப் போனவர். அக்கா தானே மரம் சீவி, பாலை உறைய வைத்து, லயத்துப் பின்னால் பழைய தகர டின்னில் போட்டுக் காய்ச்சி ரப்பர் எண்ணெய் எடுத்து விளக்கெரித்தாள். லயத்தில் எல்லாரும் அப்படித்தான். அந்த வருஷங்களில் எஸ்டேட் முழுவதும் ரப்பர் எரிகிற நாற்றம்தான். துணியில், தலைமுடியில், கிழங்கில் எல்லாம் அந்த நாற்றம். கொஞ்ச நாளில் யாருக்கும் அது தெரியாமல் போய்விட்டது.

அக்கா பால் வாளியை வைத்துவிட்டு, நான் கணவருடைய வேட்டியை நீள நீளமாகக் கிழிப்பதைப் பார்த்தாள்.

"ஏம் புள்ள, கிராணியோட வேட்டியக் கிழிக்கிறியே, நாளைக்கு எதக் கட்டிக்கிட்டு ஜப்பான்காரனுக்குக் குனிவாரு?"

"கம்பிக்குச் சுத்தணும்க்கா. உறை."

"கரண்டுக்குக் கோவணம் கட்டுறியா. நல்லாருக்கு. படிச்ச புள்ளைங்க வேலையே தனி."

சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்து கிழித்தாள். துண்டுகளைப் பாலில் முக்கி, பிழிந்து, அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்க விட்டோம். புகை வீட்டில் ரப்பர் ஷீட்டைப் புகையில் காய வைப்பார்கள் அல்லவா, அதே மாதிரி. இரண்டு நாளில் வெள்ளைத் துண்டுகள் தேன் நிறத்துக்கு வந்தன. கம்பியில் இறுக்கிச் சுற்றி, மேலே இன்னொரு முறை பால் பூசி, மறுபடியும் புகையில் காட்டினோம். காய்ந்த பிறகு என் கணவர் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தார். சாமான் கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் வந்தா காட்டணும்," என்றாள் அக்கா. "மண்டோரு இத்தன வருஷம் பால எடுத்தாரு, இதுக்கு ஆகும்னு அவருக்கே தெரியாது."

பட்டறை ஓடியது. முதல் நாள் லேத்தைக் கிளப்பியபோது அடுக்களை விளக்கு மங்கி, செத்தது போலச் சிவந்து, பிறகு பழையபடி எரிந்தது. அன்றிலிருந்து பகலிலும் அந்த விளக்கைப் போட்டு வைத்தேன். லேத் கிளம்பும் சத்தம் கேட்டதும் தலையை நிமிர்த்தி விளக்கைப் பார்ப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். மூன்றுக்குள் வெளிச்சம் திரும்பிவிட்டால் சரி. நாலு ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவுப் பலகை அருகே போய் நிற்பேன். ஒரு அட்டையில் எது எதோடு ஓடலாம், ஓடக் கூடாது என்று எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தேன். அவர் அதன்படியே நடந்தார்.

அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். உயரமில்லாத, கண்ணாடி போட்ட மனிதர். அவருக்கு மலாய் கொஞ்சம் வரும். போர்டிக்சன் முகாமிலிருந்து லோரிச் சாமான்கள் வரும், செய்து கொடுக்க வேண்டும் என்றார். போகும்போது இறவாணத்தில் ஓடிய எங்கள் கம்பியை அண்ணாந்து பார்த்தார். மூக்கைச் சுளித்து, "கெத்தா," என்றார். ரப்பரா என்று கேட்கிறார். என் கணவர் குனிந்து ஆமாம் என்றார். அதிகாரி சிரித்தார். மறுநாள் பெரிய கிராணி வந்து, பட்டியல் போய்விட்டது, உன் பேர் இல்லை என்றார். அன்றைக்குச் சாயங்காலம் நான் சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குப் பதிலாக எழுதப்பட்ட பேர் யாருடையது என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்று இன்றும் தெரியவில்லை.

முதல் பியூஸ் மூன்றாம் வாரம் போனது. வீட்டில் இருந்த பியூஸ் கம்பியைப் போட்டார். அடுத்த வாரம் அதுவும் போனது. பியூஸ் கம்பி ஊரிலேயே இல்லை. அவர் மணிக் கம்பியிலிருந்து இரண்டு இழை வெட்டிப் பீங்கானில் முறுக்கினார்.

"அது பத்துக்கு உருகாதுங்க," என்றேன்.

"தெரியும். உருகி உருகி நின்னா அவன் என்னை எங்க அனுப்புவான்னும் தெரியும்."

"பியூஸுங்கிறதே உருகுறதுக்குத்தானே."

"நீ எழுதி ஒட்டியிருக்கிறத நான் மீறலையே. மூணையும் சேர்த்து ஓட்டுறேனா? அப்புறம் என்ன?"

நான் அதோடு விட்டுவிட்டேன். ஒரு பெண் தன் கணவரிடம் ஒரு விஷயத்தை எத்தனை முறை சொல்லலாம் என்று என் அம்மா வீட்டில் ஒரு அளவு இருந்தது. ஒரு முறை சொல்லலாம், இரண்டாம் முறை ஞாபகப்படுத்தலாம். மூன்றாம் முறை சொன்னால் அது வாய். நான் இரண்டோடு நிறுத்திக்கொள்கிற பெண்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனதைவிட்டுப் போகாதது. ஒரு நாள் மத்தியானம் குழந்தை கையை நீட்டிக்கொண்டு வந்தாள். உள்ளங்கை பழுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. மண்டோரக்கா வீட்டில் ஒட்டுப்பாலை எடுத்து விளையாடியிருப்பாள் என்று தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தேன். துடைக்கும்போதே அக்கா காலையிலிருந்து வெளிக்காட்டில் இருக்கிறாள் என்பது ஞாபகம் வந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். சுவரோரம் தாழ்வாகக் கம்பி இறங்கும் இடத்தில், உறையில் குழந்தையின் நாலு விரலும் பதிந்திருந்தது. மாவில் பதிந்த மாதிரி. நான் சுவிட்சை இழுத்துவிட்டு வந்து தொட்டேன். முடிச்சு இருந்த இடம் சூடாக இருந்தது. உறை விரலோடு நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

வெயிலில் போட்ட ஷீட் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பது எஸ்டேட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கடையில் விற்கிற கம்பியின் ரப்பர் ஏன் இளகுவதில்லை என்பதும் நான் படித்ததுதான். கந்தகம் சேர்த்து வேக வைப்பார்கள். பூகோளப் பாடத்தில், நம் நாட்டு ரப்பர் சீமைக்குப் போய் என்ன ஆகிறது என்ற பக்கத்தில், ஒரு படத்தோடு இருந்தது. அந்தப் புத்தகத்தை நான் அடுப்பில் போட்டிருந்தேன். எரிக்காமல் வைத்த நோட்டில் இருந்த ஒரு வரியை மட்டும் நம்பி உறை செய்திருந்தேன்.

கொட்டகையிலிருந்து அவர் எட்டிப் பார்த்தார்.

"ஏன் அணைச்ச?"

"பாப்பா கம்பியத் தொட்டுட்டா. இந்த இடத்துல இளகியிருக்கு."

அவர் வந்து குழந்தையின் கையைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். கம்பியை உயரத் தூக்கி ஆணி அடித்துக் கட்டினார். இளகிய இடத்தில் புதுத் துண்டு சுற்றினார். "இனிமே எட்டாது," என்றார்.

எட்டாது என்பது சரி. ஆனால் இளகுகிற இடம் அது ஒன்றுதானா, எல்லா முடிச்சுமா, கம்பி முழுவதையும் கழற்ற வேண்டாமா என்று எனக்குள் ஓடியது. கேட்கவில்லை. மறுநாள் அதிகாரி வருகிற நாள். அவசரமாக முடிக்க வேண்டிய சாமான் கொட்டகை நிறையக் கிடந்தது. கம்பியைக் கழற்றினால் பட்டறை நிற்கும். நின்றிருக்கும்போது அதிகாரி வந்தால் பேர் பட்டியலில் ஏறும். நாளைக்கு அவர் போன பிறகு சொல்லலாம் என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு நாள். அது சரியான முடிவு என்று அன்றைக்கு நூறு முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதிகாரி காலையிலேயே வந்துவிட்டார். லேத் ஓடிக்கொண்டிருந்தது. சாணையும் துளை மெஷினும் நின்றன. நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மற்ற இரண்டையும் கையால் காட்டி ஏன் நிற்கின்றன என்று மலாயில் கேட்டார். என் கணவர் சுவரில் இருந்த என் அட்டையைக் காட்டி ஏதோ சொன்னார். அதிகாரி அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் எழுதியிருந்தது தமிழ். பிறகு துளை மெஷின் அருகே போய்த் தானே சுவிட்சைப் போட்டார். சாணையையும் போட்டார். பெரிய கிராணி பின்னால் கைகட்டி நின்றார்.

அடுக்களை விளக்கு சிவந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. பத்து வரை எண்ணினேன். வெளிச்சம் பாதிதான் திரும்பி வந்தது. ஆனால் பியூஸ் போகவில்லை. எப்படிப் போகும்? மூன்று மெஷினும் ஓடின. அதிகாரி தலையை ஆட்டினார். ஒரு சாமானைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

ரப்பர் எரிகிற நாற்றம் வந்தது. அக்கா எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஜன்னலைக்கூடச் சாத்தினேன், குழந்தைக்கு இருமல் என்று. கொட்டகையில் நின்ற மூன்று ஆண்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். அந்த நாற்றத்துக்குத் திரும்பிப் பார்க்கிற மூக்கு எஸ்டேட்டில் யாருக்கும் இல்லை. பிறகு ஜன்னல் கண்ணாடியில் மஞ்சளாக ஏதோ ஆடியது. இறவாணத்தில் இரண்டு கம்பியும் இளகித் தொங்கி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியிருந்தன. அங்கிருந்து நெருப்பு அத்தாப்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.

குழந்தையை முன்வாசல் மண்ணில் உட்கார வைத்தேன். திரும்பி ஓடி வந்து கதவுக்குப் பின்னால் பெரிய சுவிட்சை இழுத்தேன். அதுவரை சரியாகச் செய்தேன். அவரும் பெரிய கிராணியும் எரிகிற அத்தாப்பைக் கம்பால் இழுத்துக் கீழே போட்டு மண்ணை அள்ளி வீசினார்கள். லயத்திலிருந்து ஆட்கள் வாளியோடு ஓடி வந்தார்கள். அக்காவும் வந்தாள், பால் வாளியில் தண்ணீரோடு. நெருப்பு பாதிக் கூரையோடு நின்றது. யாருக்கும் காயமில்லை. லேத்தின் மோட்டார் உள்ளே கருகிப்போயிருந்தது.

அதிகாரி கத்தவில்லை, அடிக்கவும் இல்லை. கீழே கிடந்த கம்பித் துண்டைக் குச்சியால் கிளறினார். கறுப்பாக ஒழுகிய உறைக்குள் வேட்டியின் கரை தெரிந்தது. "சியாப்பா புவாட்?" என்றார். யார் செய்தது?

என் பத்து விரல் நகங்களுக்குள்ளும் அந்தப் பழுப்பு இருந்தது. எண்ணெய் போட்டும் போகாது. நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். வேண்டுமென்று வைத்துக்கொண்டேனா, தானாகப் போனதா, தெரியாது.

"சாயா," என்றார் என் கணவர். நான்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து, ஆபீஸ் வாசலில் லோரி நின்றது. பெரிய கிராணி பட்டியலைப் படித்தபோது என் கணவர் பேரில் அவர் குரல் நிற்கவில்லை, ஓடியது. நான் குழந்தையோடு நின்றேன். ஒரு துணி மூட்டை, ஒரு தகரக் குவளை, கொஞ்சம் அவித்த கிழங்கு கொடுத்திருந்தேன். அவர் லோரியில் ஏறுவதற்கு முன் சொன்னது இவ்வளவுதான்.

"பிளக் பியூஸ்ல நான் போட்ட கம்பி இருக்கு. அத எடுத்துப் போட்டுடு. பாப்பா இருக்கு."

"சரிங்க," என்றேன்.

நான் செய்தது என்று சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. சொல்லி என்ன ஆகும் என்றும் தோன்றியது. அதற்குள் லோரி கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து பீங்கானைத் திறந்து இரண்டு இழைகளையும் எடுத்தேன். அவை உருகவே இல்லை. பளபளவென்று புதுசாக இருந்தன. மாதம் ஒன்று போவதற்குள் ரோட்டோரக் கம்பியையே யாரோ வெட்டிக்கொண்டு போனார்கள். ஜப்பான்காரர்கள் போகும்வரை நாங்களும் லயத்தைப் போல ரப்பர் எண்ணெய் விளக்கில் இருந்தோம். எண்ணெய் கொடுத்தது அக்காதான். அவள் ஒரு முறை மட்டும் அதைப் பற்றிப் பேசினாள்.

"பால் கொடுத்தது நானு. கிழிச்சதும் நானு. நீ ஒருத்தியே சுமந்துக்காத புள்ள."

சண்டை முடிந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். மண்டோர் வந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு. அக்கா அவரை என் வீட்டுக்கே கூட்டி வந்தாள், கேட்டுக்கொள் என்று. அவர் திண்ணமாக ஒன்றும் சொல்லவில்லை. "எங்க கேம்ப் வேற, கிராணி போன கேம்ப் வேறம்மா. மேல, மலைக்குள்ள. அங்கிருந்து வர்றவங்க மெதுவாத்தான் வருவாங்க," என்றார். மெதுவாக என்று அவர் சொன்னபோது அக்கா வெளியே போய்விட்டாள். நான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நாலு முறை சிரம்பான் ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன். இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள். அவர் இறங்கி என்னைத் தாண்டிப் போய்விட்டால் எனக்கு அடையாளம் தெரியுமா என்ற பயத்தில், ஒவ்வொரு முகத்தையும் இரண்டு முறை பார்க்கிறேன்.

போன வாரம் ரோட்டோரம் புதுக் கம்பி இழுத்தார்கள். கரண்டு ஆபீஸ் கிராணி ஒருவர் வீடு வீடாக வந்து தாள் கொடுத்தார். மறுபடியும் கரண்டு வேண்டுமென்றால் நிரப்பித் தர வேண்டும். முதல் வரி, வீட்டுக்குப் பொறுப்பானவர் பேர். அவர் பேரை எழுதினேன். கிராணி படித்துவிட்டு, "இவர் இருக்காராம்மா?" என்றார்.

"வேலைக்குப் போயிருக்கார்."

இரண்டாவது வரி, விளக்கு எத்தனை. இரண்டு என்று எழுதினேன். மூன்றாவது வரி, மோட்டார் அல்லது வேறு சாதனம் ஏதாவது ஓட்டப் போகிறீர்களா, எத்தனை ஆம்பியர்.

அங்கே நின்றுவிட்டேன். இல்லை என்று எழுதினால் மெல்லிசுக் கம்பிதான் போடுவார்களாம். பிறகு மாற்றுவது பெரிய பாடு என்றார் கிராணி. என் கணவர் வந்தால் சும்மா இருக்க மாட்டார். கொட்டகையின் பாதிக் கூரை இன்னும் இருக்கிறது. சாணையும் துளை மெஷினும் மூலையில் துருப்பிடித்து நிற்கின்றன, யாரும் திரும்பக் கேட்டு வரவில்லை. இரண்டும் மூன்றும் ஐந்து. ஆனால் மெஷின் கிளம்பும்போது எவ்வளவு இழுக்கும்?

"திங்கக்கிழமை வர்றேன், யோசிச்சு எழுதி வைங்க," என்று கிராணி போய்விட்டார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. முதலில் ஐந்து என்று எழுதினேன். அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினேன். தாள் அசிங்கமாகிவிட்டது. நாளைக்கு அந்தக் கிராணி வரும்போது புதுத் தாள் ஒன்று கேட்க வேண்டும்.